ஆளில்லாத ஆறு

துடுப்பில் சுற்றியிருந்த ஆகாயத்தாமரையை வெகுநேரம் குனிந்தபடியே பிய்த்து எறிந்துவிட்டுக் குழந்தைவேலு நிமிர்ந்தார். எதிரே ஆறு காலியாக இருந்தது.

தனிப்படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். கண்ணில் படுவது பின்னால் வருகிறவர்கள் மட்டும். அவர் கண்ணில் யாரும் படவில்லை. மற்ற ஐந்து பேரும் வளைவுக்கு அந்தப் பக்கம் தன்னைவிட மோசமாகச் சிக்கிக்கொண்டார்கள் என்று முடிவு செய்தார்.

குளிர்காலப் பருவத்தின் கடைசிப் பந்தயம் அது. இதில் கடைசியாக வருபவர் அடுத்த பருவம் முழுக்கத் தனிப்படகில் ஏறக்கூடாது. நால்வர் படகின் வால் பக்கம் உட்கார்ந்து சுக்கான் பிடிக்க வேண்டும். அவர்களுடைய படகு மன்றத்தின் வழக்கம் அது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு குழந்தைவேலு ஆசைப்பட்டது அந்தத் தனிப்படகுக்கு மட்டும்தான். அவர் மனைவிக்கும் இது தெரியும்.

கரையோரம் சைக்கிளில் வந்த பயிற்சியாளர் மெர்லின் ஒலிபெருக்கியை எடுத்தாள். அவர் மகள் வயதுதான். ஆனாலும் அவளை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

"நல்லா போகுது சார்! அப்படியே போங்க!"

வழக்கமாக நாலு இழுப்புக்கு ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். இன்று பார்க்கவில்லை. முதலில் போகிறவன் எதற்குப் பார்க்க வேண்டும்? தோள் தளர்ந்தது. துடுப்பு சத்தமில்லாமல் நீரில் இறங்கி ஏறியது. பாலத்தில் போன பேருந்திலிருந்து யாரோ கையசைத்தார்கள். அவர் தலையை மட்டும் அசைத்து ஏற்றுக்கொண்டார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு கைகளையும் உயர்த்தினார். தனிப்படகில் துடுப்புகளை விட்டால் கவிழும். கவிழ்ந்தது.

அவர் கரையேறியபோது மற்ற ஐந்து படகுகளும் கொட்டகைக்குள் இருந்தன. நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார். குளிச்சிட்டே வந்துட்டீங்க போல" என்று ஒருவர் தனக்கு ஊற்றியதை அவரிடம் நீட்டினார்.

ஜெயித்த பல் டாக்டர் நஸ்ரின் படித்துறையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேலு டீயோடு நேராக மெர்லினிடம் போனார்.

"மாஸ்டர், நான்தான் கடைசின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"நான் முதல்ல வர்றதா நெனச்சேன்."

"அதுவும் தெரிஞ்சுது. முகத்துலயே இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"நல்லா போகுதுன்னு சொன்னீங்க!"

"நல்லாத்தான் போச்சு. இந்த சீசன்ல நீங்க கழுத்தைத் திருப்பாம ஓட்டினது இன்னைக்கு மட்டும்தான்."

அவர் சட்டை நுனியைப் பிழிந்தார். படித்துறைப் பக்கம் பார்த்தார்.

"டாக்டருக்கு என்ன ஆச்சு?"

"வழி முழுக்க நாலு பேர் துரத்திக்கிட்டு வர்றதைப் பார்த்துக்கிட்டே வந்தாங்க."

"நான் ஜெயிச்சிருந்தா எனக்கும் இதே கதிதானா?"

"உங்களுக்கு பி.பி. வேற இருக்கு சார்."

குழந்தைவேலு குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், இந்த ஒரு வருஷம் மட்டும் கொஞ்சம் பார்த்து..."

"முடியாது சார்."

"வால்ல உட்கார்ந்து நான் என்னத்தைப் பண்றது?"

"நாலு பேரும் உங்க முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. படகு எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"எல்லாப் படகும் எங்களுக்கு முன்னால போயிட்டிருந்தா?"

"அதுவும் உங்களுக்குத்தான் தெரியும்."

"எப்படிப் போகுதுன்னு அவங்க கேட்டா நான் என்ன சொல்லணும்?"

"உங்க படகு எப்படிப் போகுதோ அதைச் சொல்லுங்க சார்."



குழந்தைவேலு படித்துறையில் இறங்கி, நஸ்ரினின் கைக்கு எட்டுகிற படியில், காற்றுப் படாத பக்கமாக அந்த டீயை வைத்துவிட்டு, படகைத் துடைக்கப் போனார்.