மகாராஜா இளைக்கப் புறப்பட்ட கதை

மஞ்சனூரை ஆண்ட பூபதிராயர் நல்ல மன்னர். நன்றாகவும் சாப்பிடுவார். மகள் கல்யாணத்துக்காகப் பழைய பட்டு அங்கியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு கை நுழைந்தது. மறு கைக்கு வழியில்லை. கல்யாணத்துக்குள் இளைத்தே தீருவது என்று முடிவெடுத்தார்.

அந்தச் செய்தி வெளியே போன வேகத்தில் நாகலிங்கம் என்ற லேகிய வியாபாரி உள்ளே வந்தான்.

"உடம்பு இளைக்கிற லேகியம், மகாராஜா. அத்தனையும் மூலிகை. பச்சிலையில் கெடுதல் எங்கிருந்து வரும்?"

ராஜாவின் மைத்துனர் திம்மப்பர் முந்திக்கொண்டு வாங்கிச் சாப்பிட்டார். இளைத்தார். கூடவே நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கட்டிலோடு கிடந்தார்.

"திம்மப்பரைப் பாருங்கள், மகாராஜா" என்று மந்திரிகள் கெஞ்சினார்கள்.

"பார்த்தேன். இடுப்பு எவ்வளவு அழகாகிவிட்டது" என்றார் ராஜா. "நாளைக்கு நான் ஆரம்பிக்கிறேன். லேகியத்தைக் குறை சொல்கிறவன் நாட்டை விட்டுப் போகலாம்."

மந்திரிகள் வாயை மூடிக்கொண்டார்கள். அரண்மனை விகடகவி கூத்தபிரானுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பேசாமலிருந்தால் ராஜா பிழைக்க மாட்டார். பேசினால் தான் ஊரில் இருக்க முடியாது.

மறுநாள் சபையில் நாகலிங்கம் கிண்ணம் நிறைய லேகியத்தோடு நின்றான்.

"அருமையான பொருள்" என்றார் கூத்தபிரான். "முறைப்படி உள்ளே வரட்டும். அரண்மனை வைத்தியர் சோதித்தாரா?"

"மருந்தைத்தானே வைத்தியர் சோதிக்கணும், ஐயா? இது மருந்தே இல்லை."

"நல்லது. அப்படியானால் சாப்பாடு. மடைப்பள்ளியில் ருசி பார்க்கிறவர் முதலில் தின்று காட்ட வேண்டுமே?"

"இதென்ன இட்லியா, ஐயா? இது சாப்பாடும் இல்லை."

"அதுவும் சரிதான். மகாராஜாவின் திருமேனிக்கு மடைப்பள்ளியிலிருந்து சாப்பாடு வரும். வைத்தியசாலையிலிருந்து மருந்து வரும். அதை விட்டால் ஆயுதசாலையிலிருந்து கவசம் வரும். அந்த வழியாக வரலாமா?"

"தாராளமாக" என்றான் நாகலிங்கம். அங்கே வைத்தியரும் இல்லை, நாக்கும் இல்லை என்ற நிம்மதி அவனுக்கு.

"அங்கே ஒரே ஒரு வழக்கம்தான். கவசம் கொண்டு வருகிறவன் முதலில் தானே மாட்டிக்கொண்டு நிற்பான். நம் வில்லாளிகள் அம்பு விடுவார்கள். ஆள் பிழைத்தால் கவசம் மகாராஜாவுக்கு. நீர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு அந்தத் தூணோரமாக நில்லும்."

நாகலிங்கம் கிண்ணத்தைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். வில்லும் கையுமாக ஒரு கூட்டமே நின்றது.

"ஐயா, இது மருந்துதான். சத்தியமாக மருந்து. வைத்தியரைக் கூப்பிடுங்கள்."

வைத்தியர் வந்தார். ஒரு துளியை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"ஊமத்தை விதையை அரைத்துச் சேர்த்திருக்கிறான். திம்மப்பரை நான் தேற்றிவிடுவேன். இந்தக் கிண்ணத்தை மகாராஜா முடித்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது."

நாகலிங்கத்தைக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். இனி எந்தப் பெயரில் வந்தாலும், வாய்க்குள் போகிற எதையும் சோதிக்காமல் விற்கக் கூடாது என்று ராஜா அங்கேயே சட்டம் போட்டார். கூத்தபிரானுக்கு முத்துமாலை போட்டார். அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். என்னைக் கேட்காமல் வில்லாளிகளை எப்படி ஐயா வரவழைத்தீர்?"

"நான் எங்கே வரவழைத்தேன், மகாராஜா? லேகியம் வாங்க விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கிறார்கள்."