இலையில் பரிமாறிய லாபம்

கொரோனா ஊரையே வீட்டுக்குள் தள்ளிப் பூட்டியிருந்த நேரம். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டில் ஒன்றுகூடக் காலியில்லை. ஆனால் அங்கே கேன்டீன் நடத்தும் தவமணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மாசமாகப் பணம் வரவில்லை. மளிகைக்கடைக்காரரும் கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி டாக்டர் குலசேகரன் அவளைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் ஆறு கோடி லாபம்! நாளைக்குப் பங்குதாரர்களுக்குப் பிரியாணி விருந்து. ஒரு ஐட்டம் குறைஞ்சாலும் கேன்டீன் வேற ஆளுக்குப் போயிடும்."

"பழைய பாக்கி இருக்குதுங்களே சார்?"

"நோயாளிங்க பில்லுக்கு இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுத்ததும் தர்றேன். லாபம்தான் கணக்குல இருக்கே, அப்புறம் என்ன?"

"சரிங்க" என்று தலையாட்டினாள் தவமணி.

மறுநாள் பங்குதாரர்கள் பசியோடு உட்கார்ந்தார்கள். தவமணி தலைவாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு இலையிலும் ஒரு சீட்டு வைத்தாள். மட்டன் பிரியாணி, சுக்கா, முட்டை, பாயசம் என்று அதில் எழுதியிருந்தது.

"சோறு எங்கே?" என்று கத்தினார் குலசேகரன்.

"பரிமாறியாச்சுங்க சார், கணக்குல இருக்குது. இன்சூரன்ஸ்காரர் கொடுத்ததும் இலைக்கு வந்துருமுங்க."

மூத்த பங்குதாரர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "டாக்டர், அந்த ஆறு கோடியில கையில எவ்வளவு இருக்கு?"

கழற்றி வைத்த முகக்கவசத்தை அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டார் குலசேகரன்.

தவமணி அவர் பக்கம் டம்ளரை நகர்த்தினாள். "தண்ணி மட்டும் ரொக்கமுங்க சார். குடிங்க."