‘உறுதி’ என்று சொல்லாதவர்

குரு என்றதும் காவியும் தாடியும் மரத்தடியும் எதிர்பார்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடி சவரிமுத்துவுக்கு மீசைகூடக் கிடையாது. அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஊரில், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த நாட்டு ஃபுட்பாலின் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டையோடு வெகுகாலம் மைதானத்தில் ஓடினார். முழங்கால் மக்கர் பண்ணியதும் மாடி அறைக்குப் போய்விட்டார். சந்தேகமான ஆட்டத்தை வீடியோவில் திரும்பப் பார்த்து முடிவு சொல்வதுதான் இப்போது அவர் வேலை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு சிஷ்யை. பாளையங்கோட்டைக் கயற்கண்ணி. வயது நாற்பத்து நான்கு. வாரம் முழுக்க ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பாள், சனிக்கிழமை ஆனால் அதே கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாள். எட்டு வருஷமாக அவரிடம் பாடம் கேட்கிறாள். ‘நல்லாச் செஞ்ச’ என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து உதிர்ந்ததில்லை. திட்டவில்லை என்றால் அதையே பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவள்தான் அந்தப் புதன்கிழமை மத்தியானம் மாடி அறைக்கு வந்து, தன் விசிலை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

“என்ன இது?”

“வச்சுக்கோங்க அண்ணாச்சி. வாற சனிக்கிழம ஃபைனலுக்கு நான் போகல. சாயந்தரத்துக்குள்ள முடிவு சொல்லணும்னு கேட்டிருக்காவ.”

“சொல்லிட்டியா?”

“இல்ல. உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்தேன்.”

“கேளு.”

“அன்னைக்கு ‘உறுதி’ன்னு நீங்க ஏன் சொல்லல?”

அன்றைக்கு நடந்தது இதுதான்.

சிவப்புச் சட்டை அணிக்கும் நீலச் சட்டை அணிக்கும் ஆட்டம். மைதானம் சிவப்புக்காரர்களுடையது, நிறைந்திருந்த நாற்பதாயிரம் பேரும் அவர்கள் ஆட்கள். கடைசி நொடியில் நீலம் நான்கு புள்ளி பின்னால் நின்றது. மைதானத்தின் முனையில் எண்ட் ஸோன் என்று ஒரு பட்டை உண்டு. அதற்குள் பந்தைப் பிடித்தால் டச்டவுன், ஆறு புள்ளி. நீலத்தின் பையன் ஒருவன் மூலையை நோக்கிப் பாய்ந்து, பறந்து வந்த பந்தின்மேல் விழுந்தான். அவன்மேல் சிவப்புக்காரன் ஒருவன் விழுந்தான்.

பந்து கைக்குள் அடங்கியிருந்தால் கேட்ச். அடங்காமல் புல்லில் பட்டிருந்தால் ஒன்றுமில்லை. அந்த மூலை கயற்கண்ணியின் மூலை.

அவள் பார்த்தாள். எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள். டச்டவுன்! நாற்பதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். அவள் கை இறங்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் தன்னை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

பிறகு விவகாரம் மாடி அறைக்குப் போயிற்று. அங்கே மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். நடுவர் சொன்னது தவறு என்று வீடியோவில் சந்தேகமில்லாமல் தெரிந்தால், ‘மாற்றுகிறோம்’. சரி என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால், ‘உறுதி’. இரண்டும் தெரியாவிட்டால், ‘அப்படியே இருக்கட்டும்’.

சவரிமுத்து மூன்றாவதைச் சொன்னார்.

நீலம் ஜெயித்தது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? மாடி அறைக்கே அந்தப் பெண்மீது நம்பிக்கை இல்லை என்று டிவியில் பேசினார்கள். பந்தின் முனை புல்லில் படுவது போன்ற ஒரு படம் எல்லார் கைபேசியிலும் சுற்றியது. இந்திய மளிகைக் கடையில் பருப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர்கூட “நீங்கதான அந்த லேடி?” என்று கேட்டார். கேட்ட மகராசனுக்குப் பந்து நீளமா உருண்டையா என்பதே தெரியாது.

அதையெல்லாம் கயற்கண்ணி தாங்கிக்கொண்டாள். முள்ளாகக் குத்தியது வேறொன்று. தன் அண்ணாச்சியே ‘உறுதி’ என்று சொல்லவில்லை.

சவரிமுத்து விசிலைத் தொடவில்லை.

“போன வருஷம் ரெண்டு தடவ நீ சொன்னத மாத்தினேன். அப்ப வந்து சண்ட போட்டியா?”

“அப்ப தப்பு எம்மேல. வீடியோவப் பாத்தேன், எனக்கே தெரிஞ்சுது.”

“இப்ப?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இப்ப எனக்கே தெரியல அண்ணாச்சி. கண்ண மூடினா டிவில காட்டுன படந்தான் வருது. நான் என்னத்தப் பாத்தேன்னே மறந்துபோச்சு. கண்ண நம்ப முடியாதவளுக்கு விசில் எதுக்கு?”

அழுகையை அவருக்குக் காட்டக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே மைதானம் காலியாகக் கிடந்தது. அந்த மூலையில் எல்லை காட்டும் ஆரஞ்சு நிறக் குட்டித் தூண் மட்டும் நின்றது.

சவரிமுத்து தன் நாற்காலியை விட்டு எழுந்தார். முழங்கால் கடுத்தது.

“இங்கன வந்து உக்காரு.”

“உங்க நாற்காலிலயா?”

“பின்ன, என் மடியிலயா? உக்காரு பிள்ள.”

அவள் உட்கார்ந்தாள்.

“கோட்டுகிட்ட நின்னது எவளோ ஒரு பொம்பள. உனக்கு முன்னபின்ன தெரியாது. அவ கேட்ச்னு சொல்லிட்டா. இப்ப நீ பாத்துச் சொல்லு.”

முதல் கேமராவை ஓடவிட்டார். உயரத்திலிருந்து எடுத்தது. விழுந்த பையனின் முதுகு தெரிந்தது, பந்து தெரியவில்லை.

“என்ன தெரியுது?”

“முதுகு.”

இரண்டாவது கேமரா பின்பக்கம். மேலே விழுந்த சிவப்புக்காரனின் தொடை மொத்தத்தையும் மறைத்தது.

“என்ன தெரியுது?”

“தொட.”

மூன்றாவது, ஊரெல்லாம் சுற்றிய அந்தப் படம்.

“பந்து புல்லுல படுது.”

“கை?”

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முன்னே ஓட்டினாள், பின்னே ஓட்டினாள், நிறுத்தினாள்.

“முனை படுது. ஆனா அடியில கை இருக்கா இல்லயான்னு தெரியல. அவன் முழங்கை மறைக்கு.”

“அப்ப மாத்திருவமா?”

“எப்பிடி மாத்த முடியும்? அடியில கை இருந்தா முனை பட்டாலும் கேட்ச்சுல்லா.”

“அப்ப ‘உறுதி’ன்னு சொல்லிரு.”

அந்தச் சொல் அவளுக்கு வாய்வரை வந்தது. சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆட்டம் முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது. அறையில் இருப்பது இரண்டே பேர். ஆசை ஆசையாக வந்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

“சொல்ல முடியாது அண்ணாச்சி.”

“பின்ன என்னதான் சொல்லுவ?”

அவள் வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

“அப்படியே இருக்கட்டும்.”

சவரிமுத்து தலையாட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இன்னொரு கேமராவைப் போட்டார். டிவியில் யாரும் காட்டாத படம் அது. மைதானம் முழுவதையும் தள்ளி நின்று எடுப்பது, பந்து அதில் ஒரு பொட்டு. மூலையை மட்டும் பெரிதாக்கினார்.

கோட்டுக்கு வெளியே ஒரு கறுப்பு வெள்ளைச் சட்டை. ஒரு முழங்கால் தரையில். கன்னம் புல்லில் படாத குறையாகத் தலை சாய்ந்திருந்தது.

“யாரது?” என்றார்.

“எவளோ ஒரு பொம்பள” என்றாள் கயற்கண்ணி. சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தப் பொம்பள கண்ணுக்கும் பந்துக்கும் நடுவுல என்ன இருக்கு?”

முதுகு அந்தப் பக்கம். தொடை பின்னால். முழங்கை மேலே. அவள் தலை சாய்ந்திருந்த உயரத்தில், அந்த ஒரு திசையில் மட்டும், புல்லைத் தவிர எதுவும் இல்லை.

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

“அங்கன கேமரா உண்டா?”

“கிடையாது.”

“வேற ஆளு?”

“கிடையாது.”

“அவ என்ன பாத்தா?”

கயற்கண்ணி கண்ணை மூடினாள். முதலில் வழக்கம்போல் டிவிப் படம் வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஈரப் புல்லின் வாசனை வந்தது. தன் முழங்காலில் ஏறிய குளிர் வந்தது.

“வெள்ள” என்றாள்.

“என்ன வெள்ள?”

“பிளாஸ்திரி. சுண்டுவிரலயும் அடுத்த விரலயும் சேத்து வெள்ளப் பிளாஸ்திரி சுத்திருந்தான். புல்லு பச்சயா இருக்கு, மேல பந்து இருக்கு, நடுவுல அந்த வெள்ள. அண்ணாச்சி, கை அடியிலதான் இருந்துச்சு! நான் பாத்தேன்!”

கண்ணைத் திறந்தவள் பரபரவென்று வீடியோவை முன்னே ஓட்டப் போனாள். அந்தப் பையன் எழுந்து நிற்கும் இடம் எங்கேயாவது இருக்கும். விரலில் பிளாஸ்திரி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சவரிமுத்து கையை நீட்டித் திரையை அணைத்தார்.

“எதுக்கு?” என்றார்.

அவள் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடிக்குத் திரும்பியது.

சவரிமுத்து ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு பேருக்கும் காபி ஊற்றினார். பாதி குடித்ததும் கயற்கண்ணி கைபேசியை எடுத்து, சனிக்கிழமை வருகிறேன் என்று ஃபைனல் குழுவுக்குச் சொன்னாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் போக அவள் ஆளில்லை.

“எல்லாஞ் சரி. நீங்க ‘உறுதி’ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா ஊரு வாய மூடிருக்கும்லா? எம்மேல உங்களுக்கே நம்பிக்க இல்லயோன்னு நாலு நாளாத் தூங்கல அண்ணாச்சி.”

சவரிமுத்து விசிலை எடுத்தார். அதன் கயிற்றில் விழுந்திருந்த சிக்கைப் பொறுமையாகப் பிரித்தார். அவள் முன்னால் வைத்தார்.

“நான் பாக்கல. கேமரா பாக்கல. நாப்பதாயிரம் பேருல ஒருத்தரும் பாக்கல. பாத்தது நீ ஒருத்தி. ‘உறுதி’ன்னு சொல்லிருந்தா, நானும் பாத்தேன்னு அதுல பங்கு கேட்ட மாதிரில்லா ஆயிருக்கும்?”