தவமணி சுனையில் முகம் பார்த்தது

"தாயே, அந்தத் தையற்காரப் பொண்ணு இன்னைக்கும் மலையடியில வந்து காத்துக் கிடக்குது. நீங்களே வந்து ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆச்சு."

வைத்தியலிங்கம் படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் சொல்லி முடித்தார்.

அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொக்கம்மைத் தாயாருக்கு அவரைவிட வயது குறைவு. இருந்தாலும் அந்த அம்மாவையே குருவாக ஏற்றுக்கொண்டு, மலைமேல் மடத்தில் தங்கிவிட்டார். வருகிறவர் போகிறவரைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

தாயார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நடக்க முடியாதவங்களுக்குத்தான் டோலி இருக்கில்ல ஐயா?"

"இருக்கு. ஏற மாட்டேங்குது."

"ஏனாம்?"

"மூட்டையாட்டம் தூக்கிட்டுப் போனா மூட்டைதான் மேல போய்ச் சேருமாம். தவமணி போய்ச் சேர மாட்டாளாம். வாய் கொஞ்சமா!"

தாயார் சிரித்துவிட்டார்.

அந்த மலையின் உச்சியில் கண்ணாடிச் சுனை இருக்கிறது. எந்தக் கோடையிலும் வற்றாது. அங்கே போகிறவர்கள் முதலில் குனிந்து தண்ணீரில் தங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்து, வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு கை அள்ளிக் குடிப்பது. அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அங்கே சிரித்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

"சும்மா விடலை தாயே. சுனைத் தண்ணிய ஒரு குடத்துல கொண்டு போய்க் கொடுத்தேன். இதுல பார்த்துக்கம்மான்னேன்."

"பார்த்தாளா?"

"பார்த்தா. 'மூக்கு மட்டும்தான் தெரியுது ஐயா, மிச்சத்தை எப்போ கொண்டு வருவீங்க'ன்னு கேக்குறா. டோலிக்காரனுங்க விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க."

"அவளுக்கு என்னதான் வேணுமாம்?"

"தன் வண்டியிலேயே வரணுமாம். கையால சுத்துற மூணு சக்கர வண்டி. எங்கெங்கேயிருந்தோ பஸ் ஏறி வந்து பாக்குறாங்க, பொறந்ததுலேருந்து மலையடியில இருக்கிற நான் மட்டும் பாக்கலைன்னு சொன்னா."

வைத்தியலிங்கத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அதைச் சொல்றப்ப மட்டும் சிரிக்கலை தாயே."

தாயார் கீரையைக் கீழே வைத்தார்.

"ஒரு வழி பண்ணக்கூடாதா?"

"இந்தப் படியெல்லாம் அந்தக் காலத்துல ஒரு சித்தர் வெட்டினது. ஒரு கல்லை அசைச்சாலும் பாவம் இல்லையா? மலைன்னா படிதான். வேறே வழி ஏது?"

தாயார் மடியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரி. சுனைக்கரையில நந்தி இருக்காரே, அவரைக் கீழே கொண்டு போய்த் தவமணி பக்கத்துல வையுங்க."

"நந்தியையா!"

"பாவம், தனியா இருக்காளே. துணைக்கு இருக்கட்டும்."

குரு சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. வைத்தியலிங்கம் கயிறும் மூங்கிலுமாக டோலிக்காரர்களை வரவழைத்தார்.

அவர்களில் மூத்தவன் மாசிலாமணி நந்தியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். யானைக்குட்டி அளவு கல்.

"தாசில்தாரய்யா, இவரைத் தூக்கவா கூப்பிட்டீங்க? என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திடறேன்."

"பேசாம தூக்குறா."

"தூக்கிடலாம். படி நடுவுல இடுக்குப் பாறையில என்ன பண்ணுவீங்க? டோலியே அங்கே உரசிக்கிட்டுத்தான் போகுது. இவரு நடுவுல சிக்கிக்கிட்டாருன்னா, மேல இருக்கிறவங்க மேலேயே, கீழ இருக்கிறவங்க கீழேயே. சோறு எப்படி வரும்?"

வைத்தியலிங்கம் தோள் துண்டை எடுத்து நந்தியின் அகலத்தை அளந்தார். அளந்த துண்டோடு படியிறங்கிப் போய் இடுக்குப் பாறைக்கு நடுவில் பிடித்துப் பார்த்தார். பாதித் துண்டு மிச்சம் தொங்கியது.

திரும்பி ஓடி வந்தார்.

"தாயே, நந்தி படி வழியா இறங்க மாட்டார்."

"அப்படியா?" என்றார் தாயார். மறுபடியும் உட்கார்ந்து கீரையை எடுத்துக்கொண்டார்.

வைத்தியலிங்கம் அங்கேயே நின்றார். கையிலிருந்த துண்டைப் பார்த்தார்.

நேரே சுனைக்கரைக்கு நடந்தார்.

"மாசிலாமணி, இவரு எப்படிடா மேல வந்தாரு?"

"இங்கேயே செதுக்கியிருப்பாங்கய்யா."

"மலை முழுக்க வெள்ளைப் பாறை. இவரு கன்னங்கரேல்னு இருக்காரே?"

மாசிலாமணி தலையைச் சொறிந்தான்.

நந்திக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு உன்னிச்செடி மண்டிக் கிடந்தது. முள்ளுக்குப் பயந்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வைத்தியலிங்கம் அரிவாளை வாங்கிக்கொண்டு தானே உள்ளே நுழைந்தார்.

கொஞ்ச நேரம் வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு கூச்சல்.

"டேய்! எல்லாரும் வாங்கடா!"

செடிக்கு அடியில் ஒரு பாதை கிடந்தது. மாட்டுவண்டி போகிற அகலம். இரண்டு ஓரமும் கல் அடுக்கி, மலையின் முதுகைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்லச் சரிந்து இறங்கியது.

ஆடியில் வெட்ட ஆரம்பித்தார்கள். ஊரே வந்து கை கொடுத்தது. மழை அரித்த இடத்தில் மண் கொட்டினார்கள். மண் சுமக்கிற சாக்கெல்லாம் தவமணி தைத்தது. ஆண்டவன் புண்ணியத்தில் கார்த்திகைக்கு முன்னே பாதை துலங்கிவிட்டது.

தவமணி தன் வண்டியில் ஏறினாள். கையால் சுற்றிக்கொண்டே வந்தாள். பூத்த செடியைக் கண்டால் நிறுத்தினாள். அணிலைக் கண்டால் நிறுத்தினாள். பின்னால் வந்த கூட்டமும் அங்கங்கே நின்று நின்று வந்தது.

கடைசி வளைவு கொஞ்சம் செங்குத்து. சக்கரம் திணறியது.

வைத்தியலிங்கம் பக்கத்தில் வந்தார்.

"தாயி, தள்ளட்டுமா?"

தவமணி திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கக்கூட தெரியுமா ஐயா உங்களுக்கு? தள்ளுங்க, தள்ளுங்க."

சுனை வந்தது.

அவள் கையூன்றி வண்டியிலிருந்து இறங்கினாள். பாறைமேல் நகர்ந்து போய்த் தண்ணீரின்மேல் குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

"ஐயோ! எண்ணெய் வச்சுத் தலை சீவிட்டு வந்திருக்கலாமே!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், மடத்துப் புறாவெல்லாம் எழும்பிப் பறந்தன.

அந்தச் சிரிப்புக்கு நடுவே வைத்தியலிங்கம் தாயாரிடம் ஒதுங்கி வந்தார்.

"தாயே, உங்களுக்கு இந்த வழி முன்னாடியே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தானே நந்தியை இறக்கச் சொன்னீங்க?"

"எனக்கெங்கே ஐயா தெரியும்?"

"இத்தனை வருஷமா மலைமேலேயே இருக்கீங்களே தாயே?"

"இருக்கேன்" என்றார் தாயார். "எனக்குத்தான் கால் இருக்கே."