எந்த வால்வு வாங்குவது?

“அம்மா, இந்த மூண்டிலை எதை வாங்கிறது?”

விசுவலிங்கம் ஒரு தாளை நீட்டினார்.

சுவிஸின் பேர்ண் நகரில் ஞாயிறுதோறும் பத்துப் பதினைந்து தமிழர்கள் வாகீசாவிடம் தியானம் பழக வருவார்கள். வாகீசாவுக்கு முப்பத்தெட்டு வயது, விசுவலிங்கத்துக்கு அறுபத்துமூன்று. ஆனாலும் அவர் வாகீசாவை அம்மா என்றுதான் அழைப்பார். அன்று எல்லாரும் போகும்வரை காத்திருந்து இந்தக் கேள்வியைக் கேட்டார். தியானத்தில் ஏதோ சந்தேகமாக்கும் என்று வாகீசா நினைத்திருப்பார், பாவம்.

தாளில் மூன்று வால்வுகளின் பெயர்கள் இருந்தன. சுவரோடு நிற்கும் இரும்பு ஹீட்டருக்குள் சுடுதண்ணீரை விடுவதும் மறிப்பதும் அவற்றின் வேலை. போனில் இருந்தே திருப்பலாம். விசுவலிங்கம் வீட்டில் ஏற்கெனவே அப்படி ஐந்து வால்வுகள் இருந்தன.

“இருக்கிறதுக்கு என்ன?”

“மனுசி குளிருது எண்டு சொல்லுறா, அம்மா. போனிலை எல்லாம் சரியாத்தான் காட்டுது. நான் அவவை நம்புறதோ, போனை நம்புறதோ?”

விசுவலிங்கம் தாளை மடித்து மறுபடி விரித்தார்.

“வாற சனிக்கிழமை மகளின்ரை வீட்டை போகப்போறாவாம். பனிக்காலம் முடியுமட்டும் வரமாட்டாவாம். பெட்டியும் அடுக்கிப்போட்டா.”

கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருடத்தில் அவர் தனியாகப் படுத்து எழும்பிய நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்துக்கு அவர் தேடிக் கண்டுபிடித்த மருந்துதான் அந்தத் தாள்.

“எந்த நேரத்திலை குளிருது எண்டு சொல்லுறா?”

“சமைச்சாப் பிறகு. மிளகாய் பொரிக்கேக்கை நெடி போகக் குசினி யன்னலைத் திறப்பா. குளிர்காத்து ஹோலுக்கு வரும். உடனை ஹோல் வால்வு, யன்னல் திறந்து கிடக்கெண்டு கண்டுபிடிச்சுச் சுடுதண்ணியைத் தானா மறிச்சுப்போடும். அவ்வளவு கெட்டிக்கார வால்வு, அம்மா.”

பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு பெருமையாகப் பேசியதில்லை.

“பிறகு?”

“நான் போனிலை திறந்துவிடுவன்.”

“நீங்கள் வீட்டிலை இல்லாட்டி?”

“எங்கை நிண்டாலும் திறக்கலாம். அவ எனக்கு ஒரு போன் எடுத்தாப் போதும்.”

“அவவின்ரை போனிலை?”

“அதிலை ஆப் போட்டுக் குடுக்கேல்லை. அவவுக்கு அது விளங்காது.”

“கையாலை திருப்ப ஏலாதோ?”

“ஏலும். ஆனா நான் பூட்டி வைச்சிருக்கிறன். சின்னப்பிள்ளையள் திருகாமல் இருக்க அதிலை ஒரு பூட்டு இருக்கு.”

“வீட்டிலை சின்னப்பிள்ளையள் ஆர்?”

விசுவலிங்கம் தாளைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

வாகீசா தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“பின்னேரத்திலை அவ எங்கை இருப்பா?”

“ஆர், யோகமலரோ?”

“ஓம்.”

ஹோலில் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். ஹோல் சோபாவில் இருப்பது அவர். டிவி பார்ப்பதும் அவர். எந்த ஹீட்டர் எந்தச் சுவரில், எத்தனை அடி அகலம் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்புவித்திருப்பார்.

“தெரியேல்லை, அம்மா.”

“கேளுங்கோ.”

“இப்பவோ?”

வாகீசா கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்துகொண்டார். கேட்காமல் அங்கிருந்து எழும்ப முடியாது என்பது விசுவலிங்கத்துக்கு விளங்கியது. போனை எடுத்தார்.

“யோகம், பின்னேரத்திலை நீர் எங்கை இருக்கிறனீர்?”



“ஏன், என்ன நடந்தது? உங்களுக்குச் சுகமில்லையோ?”

“ஒண்டுமில்லை. சும்மா சொல்லுமன்.”

“குசினிக்குள்ளைதான்.”

“குசினியிலையோ? அங்கை ஹீட்டரே இல்லையே!”

“அடுப்பு இருக்கு,” என்றார் யோகமலர். “அதைப் போட நான் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை.”