முதல் மதிப்பெண் வாங்கிய மான் அம்மா

மருதங்காட்டுப் பொதுப்பள்ளியில் அன்று பெற்றோர் கூட்டம். மான், முயல், மந்தி, கீரி, காட்டுப்பன்றி என்று எல்லோரும் வந்திருந்தார்கள். மரத்தடியில் உட்காருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

"டீச்சர், அக்கரைப் பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்புக்குத் தினமும் அஞ்சு பட்டை வீட்டுப்பாடம்! இங்க வெறும் ரெண்டு! அப்புறம் எங்க பிள்ளைங்க எப்படித் தேறும்?" என்று கேட்டாள் பூவரசி. அவள் ஒரு புள்ளிமான். அவளுடைய மகள் கொன்றைதான் ஏழாம் வகுப்பில் முதலிடம். அதை அவளே எல்லோருக்கும் சொல்லிவிடுவாள். யாரும் கேட்கத் தேவையில்லை.

"அஞ்சா! ரெண்டே அதிகம்!" என்று எழுந்தார் முயல் குட்டையன். "பள்ளிக்கூடம் விட்டு வந்தா பிள்ளை ஓடியாடி விளையாட வேணாமா? என் மகன் பஞ்சு துள்ளிக் குதிச்சே பத்து நாளாச்சு. வீட்டுப்பாடமே வேணாம் டீச்சர், எடுத்துடுங்க!"

"விளையாடிக்கிட்டே இருந்தா சிறுத்தை வாயிலதான் போய் விழும்!"

"பட்டையும் கையுமா இருந்தா மட்டும் சிறுத்தை விட்டுடுமா?"

காடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. முள்ளம்பன்றி ஊசியம்மாள்தான் ஏழாம் வகுப்பு டீச்சர். அவர் முட்களை ஒரு தடவை சடசடவென்று உலுக்கினார். சத்தம் அடங்கியது.

"அஞ்சும் வேணாம், ஒண்ணுமில்லாமலும் வேணாம். நாளையில இருந்து மூணு பட்டை. எல்லாரும் கிளம்புங்க!"

இரண்டு கட்சிக்கும் திருப்தியில்லை. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள்.

பட்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பின் பெரிய பாடம் தடம் பார்ப்பது. குட்டிகள் மாலையில் ஓடைக்கரை மணலுக்குப் போக வேண்டும். அங்கே பதிந்திருக்கும் காலடி யாருடையது, எந்தப் பக்கம் போனது, எப்போது போனது என்று பார்க்க வேண்டும். பார்த்ததை ஒரு மரப்பட்டையில் கீறி, மறுநாள் டீச்சரிடம் காட்ட வேண்டும்.

இது விளையாட்டுப் பாடம் இல்லை. கோடையில் அந்த ஓடை வற்றிவிடும். அப்புறம் பெரிய குளத்தில்தான் தண்ணீர். ஓடை வற்றிய மறுநாள், ஏழாம் வகுப்புக் குட்டிகள் பெரியவர்கள் துணையில்லாமல் குளம் வரைக்கும் நடந்து போக வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். அதற்குத் தனிநடை என்று பெயர். அதை முடித்த குட்டி, பிறகு தன் மேய்ச்சலைத் தானே தேடிக்கொள்ளும். வழியில் ஒரு சிறுத்தை இருக்கிறது. அதற்குக் குட்டிகள் என்றால் கொள்ளைப் பிரியம்.

அந்தச் சிறுத்தை அன்றைய கூட்டத்தையும் ஒரு புதருக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "ரெண்டோ, மூணோ, அஞ்சோ! எத்தனை வேணும்னாலும் குடுங்க" என்று மீசையை நக்கிக்கொண்டது. "குட்டிங்க மட்டும் அதைச் செய்யாம இருந்தா எனக்குப் போதும்!"

அது சும்மா சொல்லவில்லை. தினமும் மாலையில் ஓடைக்கரையில் நடப்பதை அது பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது தெரியுமா? ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் கொன்றை ஒரு நரித்தடத்தைக் கோணலாகக் கீறினாள். "இங்க குடு கண்ணு, அம்மா ஒரு விரலை மட்டும் சரிபண்றேன்" என்றாள் பூவரசி. மறுநாள் இரண்டு விரல். அதற்கு மறுநாள் முழுத் தடமும். பிறகு கொன்றை பக்கத்தில் படுத்துக் கொட்டாவி விட, அம்மாவே மணலைப் பார்த்து, அம்மாவே கீறி, அம்மாவே அழகும் பார்த்தாள். மறுநாள் டீச்சர் 'மிக நன்று' என்றால், கொன்றையை விட அம்மாவுக்குத்தான் தலை நிமிரும்.

வீட்டுப்பாடமே வேண்டாம் என்று கத்திய குட்டையனும் அதையேதான் செய்தார். "பாவம், சின்னப் பிள்ளை, போய் விளையாடட்டும்" என்று மகனை அனுப்பிவிட்டு, தம் முன்பல்லால் மூன்று பட்டைகளையும் கொறித்து முடித்தார். மந்தியும் அப்படியே. கீரியும் அப்படியே. பெற்றோர்களுக்குள் சேதி கொண்டுபோவதற்கென்றே ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. பொழுது சாய்ந்தால் அவற்றுக்கு ஓய்வே கிடையாது. "மூணாவது பட்டை பன்றியா, முள்ளம்பன்றியா? கீரியம்மா கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க!" என்று மரத்துக்கு மரம் பறந்தன.

ஊசியம்மாள் டீச்சருக்கு ஒரே மகிழ்ச்சி. வருகிற பட்டையெல்லாம் சரியாக இருந்தால் எந்த டீச்சருக்குத்தான் மகிழ்ச்சி வராது? வகுப்புக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நம்பி, அடுத்த பாடத்துக்குப் போனார். அதற்கும் அடுத்த பாடத்துக்குப் போனார். கடைசியில், "இந்த வருஷத் தனிநடைக்குக் கொன்றைதான் முன்னால போகணும்!" என்று அறிவித்தார்.

பூவரசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவும் மகளும் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஓடை சுருங்கி அங்கங்கே குட்டைகளாக நின்றது. இன்னும் பத்து நாள் தாங்கினால் அதிகம். ஈர மணலில் ஒரு பெரிய தடம் வரிசையாகப் போயிருந்தது. பூவரசி பெருமையோடு கேட்டாள்.

"எங்கே, தலைவி அம்மா! யாரு போயிருக்காங்க, சொல்லு பார்ப்போம்!"

கொன்றை மணலைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நரி?" என்றாள். அம்மாவின் காது மடங்கியது. உடனே மாற்றினாள். "இல்ல, இல்ல, பன்றி! ...கீரியா?"

"ஏன்டி என் முகத்தைப் பாக்கறே? மண்ணைப் பாரு!"

"மண்ணைப் பாத்தா எனக்கென்னம்மா தெரியும்? நீ சொன்னாதானே தெரியும்!"

அது சிறுத்தையின் தடம்.

பூவரசி மகளைப் பார்த்தாள். பத்து நாளில் இந்தக் குழந்தை பத்துக் குட்டிகளுக்கு முன்னால் நடந்து போகப் போகிறது. கூடவே அம்மாவின் முகம் போகாது. மணல் மட்டும்தான் இருக்கும்.

அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம். முதலிடம் இருக்கும், மானம் இருக்கும், மகள் இருப்பாளா தெரியாது. உண்மையைச் சொல்லலாம். மகள் இருப்பாள், மானம் போகும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எனக்கு அவளைப் பிடிப்பதே அந்த இடத்தில்தான். அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

"குருவிகளா! எல்லாப் பெற்றோரையும் கூப்பிடுங்க, இப்பவே!"

எல்லோரும் வந்ததும் பூவரசி நடுவில் போய் நின்றாள்.

"டீச்சர், என் மக கொண்டு வந்த பட்டை ஒண்ணுகூட அவ கீறினது இல்ல. எல்லாம் நான் கீறினது. அவளுக்குச் சிறுத்தைத் தடமும் தெரியாது, கீரித் தடமும் தெரியாது. முதலிடம் அவளோடது இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். குட்டையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்.

"அஞ்சு பட்டை கேட்ட அக்காவா இப்படி! அஞ்சையும் நீங்களே பண்ணப் போறீங்களாக்கும்!"

"குட்டையன் அண்ணே, உங்க முன்பல்லு இடுக்குல என்ன மாட்டியிருக்கு?" என்றாள் பூவரசி.

குட்டையன் வாயை மூடினார். பக்கத்தில் நின்ற பஞ்சு பட்டென்று உண்மையைச் சொல்லிவிட்டான். "நேத்து ரெண்டாவது பட்டை. அப்பா இன்னும் பல்லு விளக்கல!"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. "நானும்தான்" என்றது மந்தி. "நானும்" என்றது கீரி. காட்டுப்பன்றி தரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டியது. வேண்டும் என்று சண்டை போட்டவர்களும், வேண்டாம் என்று சண்டை போட்டவர்களும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஊசியம்மாளின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள்.

"பட்டை எதுக்குக் கேக்கறேன்னு நினைச்சீங்க? அழகு பாக்கவா? பிள்ளைக்கு எது தெரியலைன்னு நான் தெரிஞ்சுக்க! தப்பா கீறின பட்டை வந்திருந்தா, அந்தத் தப்பை நான் திரும்ப நடத்தியிருப்பேன். நீங்க எல்லாத் தப்பையும் வழியிலயே அழிச்சுட்டீங்க. நான் இத்தனை மாசமா உங்களுக்குத்தான் பாடம் நடத்தியிருக்கேன்!" என்றார். பிறகு முட்கள் மெல்லத் தாழ்ந்தன. "என் மேலயும் தப்பு இருக்கு. குட்டி கீறினதா, பெரியவங்க கீறினதான்னு நான் பாத்திருக்கணும். சரியா இருந்த சந்தோஷத்துல பாக்கலை."

"இந்த வருஷம் தனிநடையை விட்டுடலாம் டீச்சர். நாமளே கூடப் போயிடலாம்" என்றது மந்தி.

"குளத்துக்கு நாம கூடப் போயிடலாம். அடுத்த மாசம் அதுங்க தனியா மேயும்போது யாரு கூடப் போறது?" என்று கேட்டார் ஊசியம்மாள்.

மந்தி தலையைச் சொறிந்தது.

"இன்னும் பத்து நாள் இருக்கு" என்றாள் பூவரசி. "முதல் பாடத்துல இருந்து ஆரம்பிங்க டீச்சர். நாங்க பட்டையைத் தொட மாட்டோம்."

அன்று மாலை புதிய ஏற்பாடு தொடங்கியது. பிள்ளைகள் மணலில். பெற்றோர் கரைமேல், மணலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது. சைகை காட்டக் கூடாது. இருமக்கூடக் கூடாது. ஏனென்றால் முதல் நாளே கீரி அப்பா மூன்று முறை இருமி, மூன்று விரல் என்று மகனுக்குச் சொல்லப் பார்த்தார்.

ஒரு பட்டையும் சரியாக வரவில்லை. கொன்றை காட்டுப்பன்றியை மான் என்று கீறினாள். பஞ்சு தன் சொந்தத் தடத்தையே யாரோ புது விலங்கு என்று கீறிக்கொண்டு வந்தான். "பிரமாதம்!" என்றார் ஊசியம்மாள். "இப்பத்தான் எனக்கு வேலை இருக்கு."

மூன்றாம் நாள் கொன்றை அழுதாள். "ஒரே ஒரு தடவை நீயே கீறிக் குடும்மா!"

"மாட்டேன் கண்ணு."

"அப்ப நான் கடைசியாதான் வருவேன்!"

"வா. பரவாயில்ல."

சொல்லிவிட்டாளே தவிர, பூவரசியின் குளம்பு துடித்தது. இரண்டு முன்னங்கால்களையும் வயிற்றுக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு, அவற்றின் மேலேயே அழுத்திப் படுத்தாள். பிள்ளைக்குச் செய்து கொடுப்பது அவளுக்கு எளிது. செய்யாமல் இருப்பதுதான் உயிர் போகிற வேலையாக இருந்தது. பத்தாம் நாள் வரைக்கும் அப்படியே படுத்தாள். ஒரு நாள்கூட எழவில்லை.

தவிட்டுக்குருவிகளுக்குச் சேதி இல்லாமல் போயிற்று. அவை வேறு வழியில்லாமல் புழு பொறுக்கப் போயின. கரையில் தினமும் அத்தனை பெரியவர்கள் கூடியதால் சிறுத்தையும் அந்தப் பத்து நாளும் ஓடைப்பக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் ஓடை வற்றியது. மறுநாள் காலையில் பதினொரு குட்டிகளும் புறப்பட்டார்கள். இந்த முறை தலைவி என்று யாரும் இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் ஒருவர் முன்னால் போக வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெற்றோர் குளத்துக்கு மேலே இருந்த மேட்டில் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் குளம் தெரியும், வழி தெரியாது.

மூங்கில் புதரருகே பாதை இரண்டாகப் பிரிந்தது; இரண்டும் குளத்துக்குத்தான் போகும். அங்கே கொன்றையின் முறை. அவள் நின்றாள். இடப்பக்கப் பாதையிலும் சிறுத்தைத் தடம். வலப்பக்கப் பாதையிலும் சிறுத்தைத் தடம்! அது சிறுத்தையின் வேலை. நேற்று ஒரு பக்கம் நடந்தது, இன்று மறுபக்கம் நடந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. எது பழைய தடம், எது புதுத் தடம் என்று குட்டிகளுக்குத் தெரியாது, குழம்பித் தன் பக்கமே வந்துவிடும் என்பது அதன் கணக்கு.

பழைய கொன்றையாக இருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பாள். முதலிடத்தில் இருப்பவளுக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வராது.

"எனக்குத் தெரியலை" என்றாள் கொன்றை மெதுவாக. "ரெண்டும் ஒரே காலடி. ஆனா எது எப்பப் போனதுன்னு தெரியலை. எல்லாரும் வந்து பாருங்க. சத்தம் போடாதீங்க."

பதினொரு மூக்குகள் மண்ணுக்குக் குனிந்தன.

"வலது பக்கத் தடத்துக்குள்ள எறும்பு வழி போட்டிருக்கு" என்றான் பஞ்சு. "ஒரு சருகும் விழுந்து கிடக்கு. நேத்துப் போனது."

"இடது பக்கம்?"

கொன்றை இன்னும் குனிந்து பார்த்தாள். தடத்துக்குள் ஒரு புல் நசுங்கிக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

"இப்பத்தான் போயிருக்கு!" என்று காதோடு சொன்னாள். "உள்ள படுத்திருக்கு. ஒருத்தர் பின்னால ஒருத்தரா, வலது பக்கம் நடங்க. ஓடாதீங்க."

ஒரு சருகு நொறுங்காமல் பதினொரு பேரும் வலப்பக்கம் நடந்தார்கள்.

சிறுத்தை வெகுநேரம் காத்திருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. வெறுத்துப்போய் எழுந்து வந்து பாதையைப் பார்த்தது. வலப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் காலடிகள். "இதுங்களுக்கு மண்ணே தெரியாதே! எவன்டா சொல்லிக் குடுத்தான்?" என்று உறுமிவிட்டுக் காலி வயிற்றோடு காட்டுக்குள் போனது.

மேட்டில் நின்ற பூவரசி, குளக்கரைக்கு வந்த தலைகளை எண்ணினாள். பதினொன்று. நம்ப முடியாமல் மறுபடி எண்ணினாள். பதினொன்று. கொன்றை தண்ணீரில் வாய் வைப்பதற்கு முன், யாரும் சொல்லாமலே, கரை மண்ணை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பூவரசி வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற குட்டையனும் அழுதார்.

பிள்ளைக்கு வீட்டுப்பாடம் அதிகமா குறைவா என்று பள்ளியோடு சண்டைக்குப் போகும் முன், கொடுத்த பாடத்தைப் பிள்ளை தன் கையாலேயே, தப்போ சரியோ, செய்ய விட்டோமா என்று பெற்றோர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.