சோணகிரிப் பாறை

நாவற்காட்டில் ஒரு குகை இருந்தது. காலையில் இரை தேடப் போகிற முயல், காடை, எலி, முள்ளம்பன்றி எல்லாம் தங்கள் குஞ்சு குட்டிகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போகும். வாசலை ஒரு உருட்டுக்கல் அடைத்திருக்கும். கல்லுக்கு உள்பக்கம் மாடசாமி என்ற ஆமை காவல். வெளியே நின்று கடவுச்சொல்லைச் சரியாகச் சொன்னால் கல் நகரும். தப்பாகச் சொன்னால் பெற்ற தாயே வந்தாலும் மாடசாமி நகர்த்தாது.

இத்தனையும் எதற்கு? அந்தக் காட்டில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. குட்டிகளை நினைத்தாலே அதற்கு எச்சில் ஊறும்.

காவலுக்கெல்லாம் தலைவர் சூலப்பர் என்ற முள்ளம்பன்றி. எதைச் சொன்னாலும் முதலில் "க்ஹும்!" என்று கனைப்பார். கனைக்காமல் அவருக்குப் பேச்சு வராது.

"க்ஹும்! கடவுச்சொல்லில் ஒரு பறவைக் கூவல் இருக்கணும்! ஒரு மிருக உறுமல் இருக்கணும்! ஒரு தவளைச் சத்தமும் இருக்கணும்! அமாவாசைக்கு அமாவாசை மாத்தணும்!" என்று சட்டம் போட்டார்.

பாவம், நாளெல்லாம் அலைந்து களைத்து வருகிற விலங்குகள் வாசலில் நின்று, "குக்கூ... உர்ர்ர்... டொர்ரொக்!" என்று கத்திக்கொண்டிருக்கும். எலிக்கு ஞாபகமே நிற்காது. அது கடவுச்சொல்லை வாசல் மரத்திலேயே பல்லால் கீறி வைத்திருந்தது. நல்லவேளை, பூனைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.

ஒருநாள் தும்பை என்ற முயல் அருகம்புல் மேய்ந்துகொண்டிருந்தாள். புதருக்குப் பின்னாலிருந்து ஒரு அதட்டல் கேட்டது.

"காவல் சங்கத்திலிருந்து பேசறோம்! உன் கடவுச்சொல் இன்னையோட காலாவதி ஆகுது. உடனே சொல்லிச் சரிபார்த்துக்கோ. இல்லேன்னா உன் குட்டிங்க உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்!"

பெற்ற வயிறு பதறாதா? தும்பை கடகடவென்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் இலைகளுக்கு நடுவே மீசை தெரிந்தது.

ஐயோ என்று அலறிக்கொண்டு குகைக்கு ஓடினாள். "மாடசாமி அண்ணே! ஏமாந்துட்டேன்! பூனைகிட்டச் சொல்லிட்டேன்! உடனே மாத்துங்க!"

மாடசாமி மாற்றியது. பின்னாலேயே வந்த பூனை பழைய சொல்லைச் சொல்லிப் பார்த்துவிட்டு, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. அத்தனை குட்டிகளும் பிழைத்தன.

இதற்குத் தும்பையைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! சாயங்காலமே சூலப்பர் கூட்டம் கூட்டினார்.

"க்ஹும்! இந்த முயலை மொட்டைப் பாறை மேல ஏத்துங்க! தலையில சேம்பிலைக் குல்லா வைங்க! போறவங்க வர்றவங்க எல்லாரும் 'ஏமாந்த சோணகிரி'ன்னு சொல்லிட்டுப் போகணும்!"

"அவ வந்து சொன்னதாலதானே தலைவரே, குட்டிங்க பிழைச்சுது?" என்றது மாடசாமி.

"ஏமாந்ததாலதானேய்யா வந்து சொல்ல வேண்டியிருந்தது!"

தும்பை பாறைமேல் நின்றாள். "ஏமாந்த சோணகிரி! ஏமாந்த சோணகிரி!" என்று காடே கத்தியது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவளுடைய குட்டிகளும் சேர்ந்து கத்தின. மற்றவர்கள் கத்தியதைப் பொறுத்துக்கொண்டாள். தன் குட்டிகள் கத்தியதைத்தான் பொறுக்க முடியவில்லை. இலைக்குல்லாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து நாவற்காட்டில் யாருமே ஏமாறவில்லை. அதாவது, ஏமாந்துவிட்டதாக யாரும் வந்து சொல்லவில்லை. சூலப்பருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"க்ஹும்! பாத்தீங்களா என் நிர்வாகத்தை!" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு திரிந்தார்.

ஒரு மதிய நேரம், அவர் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது புதருக்குள்ளிருந்து தேனாக ஒரு குரல் வந்தது.

"சூலப்பர் ஐயாதானே? வணக்கமுங்க! அகில வன விருதுக் குழுவிலிருந்து வந்திருக்கோம். சிறந்த காவல் தலைவர் விருது ஐயாவுக்குத்தான்!"

"க்ஹும்! அப்படியா! எனக்கா!"

"பின்னே யாருக்கு? ஒரே ஒரு சம்பிரதாயம். உங்க கடவுச்சொல் உலகத்திலேயே கஷ்டமானதாமே! நடுவர்கள் ஒருதரம் காது குளிரக் கேக்கணும்னு ஆசைப்படறாங்க."

விருது என்றதுமே சூலப்பருக்குத் தலைகால் புரியவில்லை. மார்பை நிமிர்த்தினார். "க்ஹும்! கிக்கீ... கர்ர்ர்... வரக்-வரக்!" என்று ராகம் போட்டுச் சொன்னார்.

புதர் சிரித்தது. கோடு போட்ட ஒரு வால் சட்டென்று மறைந்தது.

சூலப்பருக்கு முள் நுனிவரை வியர்த்தது. குகைக்குள் அவருடைய ஒரே மகனும் இருந்தான். ஓடினார். வழியில் மொட்டைப் பாறை வந்தது. சேம்பிலைக் குல்லா தன் தலையில் இருப்பதாக நினைத்துப் பார்த்தார். ஓட்டம் நடையானது.

குகை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். "க்ஹும்! மாடசாமி, கடவுச்சொல்லை மாத்திடு."

"காரணம்?"

"சும்மாதான்."

"காரணம் சொல்லாம யார் வந்து கேட்டாலும் மாத்தக் கூடாது, அது பூனையோட வேலையா இருக்கும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? காரணத்தைச் சொல்லுங்க, மாத்தறேன்."

சூலப்பர் மொட்டைப் பாறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் பூனை இன்னைக்கே வந்துடாது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

எதிரே தும்பை வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீர் என்றது. தன் முகமும் அன்று இப்படித்தானே இருந்தது!

"தலைவரே, ஏமாந்துட்டீங்களா?"

"யாரு, நானா? என்ன பேச்சு பேசறே!"

அவரோடு வாதாட நேரம் ஏது? தலைவரே ஏமாந்துவிட்டார் என்றால் மாடசாமி நம்புமா? தும்பை ஒரே பாய்ச்சலில் குகைக்குப் போனாள்.

"மாடசாமி அண்ணே! பூனைக்குக் கடவுச்சொல் தெரிஞ்சுபோச்சு! மாத்துங்க!"

"மறுபடியுமா! யாரும்மா சொன்னது?"

தும்பை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "நான்தான். நான்தான் சொன்னேன்."

மாடசாமி மாற்றியது. தும்பை காடெல்லாம் ஓடி, காதோடு காதாகப் புதுச் சொல்லை எல்லாருக்கும் சொன்னாள்.

சாயங்காலம் கூட்டம் கூடியது. "ரெண்டாவது தடவை ஏமாந்த சோணகிரி!" என்று ஒரே கூச்சல். சேம்பிலை வந்தது. சூலப்பர் அதைக் கையில் வாங்கினார். தும்பையின் தலையில் வைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அப்போது மாடசாமி கேட்டது. "எனக்கு ஒரு சந்தேகம். பூனை வந்து கடவுச்சொல் சொல்லிச்சு. தப்பு, போன்னேன். அதுக்கு ஒரே கோபம். 'நான் ஒரு எழுத்துக்கூட விடலையே! முதல்ல வர்ற க்ஹும் உட்படச் சொன்னேனே!'ன்னு கத்திச்சு. நம்ம கடவுச்சொல்லில் க்ஹும் எங்கே இருக்கு?"

எல்லாத் தலைகளும் சூலப்பர் பக்கம் திரும்பின.

சூலப்பர் கனைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கனைக்காமல் பேசினார். "நான்தான் சொன்னேன். விருதுன்னாங்க. வெட்கத்தில மறைச்சுட்டேன். இவ பழியைத் தன்மேல போட்டுக்கலேன்னா என் புள்ளை இப்போ இல்லை." குல்லாவைத் தானே தலையில் வைத்துக்கொண்டு பாறையில் ஏறினார்.

'ஏமாந்த சோணகிரி' என்று கத்த எல்லாரும் வாயைத் திறந்தார்கள்.

"வேண்டாம்!" என்றாள் தும்பை. "இறங்குங்க தலைவரே. இனிமே ஏமாந்தவங்க ஓடி வந்து சொல்ற இடம் இந்தப் பாறை. சொன்னவங்களுக்கு ஒரு கிழங்கு கொடுங்க. யாராவது சிரிச்சா அவங்களுக்குக் குல்லா!"

மறுநாள் காலை பாறையைச் சுற்றிக் குளக்கரை வரை வரிசை நின்றது! புளியம்பழம் இரட்டிப்பாகும் என்று கீரியிடம் கொடுத்துவிட்டு வந்த அணில். போன மாதமே பூனையிடம் கடவுச்சொல்லை உளறிவிட்டு, அது தூங்கிப்போனதால் தப்பித்த காடை. வாசல் மரத்தைக் கீறிய எலி. கிழங்கு தோண்டித் தோண்டியே சூலப்பருக்கு இடுப்பு ஒடிந்தது.

ஏமாந்தவரைக் கேலி செய்கிற இடத்தில் ஏமாறுகிறவர்கள் குறைவதில்லை, அதைச் சொல்ல வருகிறவர்கள்தான் குறைந்துபோவார்கள்.